கண்ணாடி இல்லாத வாரம்

மார்ச் 3, திங்கள்

மகள் இன்றைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை. பரீட்சை முடிந்ததும் பெரியம்மா வீட்டுக்கே போய்விடுகிறாளாம், அங்கேயே படிக்கிறாளாம். பரணிலிருந்து பையை இறக்கிக் கட்டில்மேல் வைத்திருக்கிறாள். ஏன்டி என்றால், "இங்க எப்பப் பாத்தாலும் சண்டை." நான் எங்கே சண்டை போட்டேன்? சாப்பிட வா என்று கூப்பிடுவது சண்டையா? எல்லாம் என் அக்கா கொடுக்கிற செல்லம்.

மார்ச் 4

ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் ஒரே கூட்டம். ஒருத்தருக்காவது மரியாதை தெரிகிறதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கத்துகிறார்கள், இந்தப் பக்கம் நானும் கத்துகிறேன். ஒரு பெரியவரிடம், "இது மூலத்துக்கு! சாப்பிட்டப்புறம் போடணும்!" என்றேன். வரிசையே திரும்பிப் பார்த்தது. மனுஷர் தலையைக் குனிந்துகொண்டு போனார். பாவம்தான். மெதுவாகச் சொன்னால் கேட்கவா போகிறது?

மார்ச் 6

அக்காவுக்குப் போன் செய்து நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டேன். "நான் ஒண்ணும் சொல்லித் தரலடி. நீ மொதல்ல கத்தாம பேசு, காது வலிக்குது."

நானா கத்துகிறேன்?

மார்ச் 10

கவுண்டர் கண்ணாடியில் விரிசல். கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். புதிது வர ஒரு வாரம் ஆகுமாம். மேலே விழுந்து பிடுங்கப் போகிறார்கள்.

மார்ச் 11

யாருமே கத்தவில்லை! போன வாரம் "காது செவிடா?" என்று எகிறிய மீசைக்காரர் இன்று குனிந்து, "தங்கச்சி, இது ராத்திரிக்கா?" என்றார். நானும் ரகசியம் போலப் பதில் சொன்னேன். அதே ஆள், அதே மாத்திரை. அப்படியானால் இத்தனை வருஷம் நான் திட்டித் தீர்த்தவர்கள் எல்லாம் —

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே, "பால் காய்ச்சினியா!" என்றேன். கவுண்டர் குரல். என் காதிலேயே விழுந்தது. இங்கே ஏது கண்ணாடி?

மார்ச் 13

சமையலறையிலிருந்து கூப்பிடாமல் அவள் அறை வாசல்வரை போய், "சாப்பிடலாமா?" என்றேன். பதறி நிமிர்ந்தாள். "என்னம்மா, உடம்பு சரியில்லயா?"

அடுப்படிக்கு வந்து அழுதேன்.

மார்ச் 15

மறந்துபோய் மறுபடி கத்திவிட்டேன், ஈரத் துண்டுக்காக. நாய் வாலை நிமிர்த்த முடியுமா? பையில் துணி ஏறிக்கொண்டிருக்கிறது.

மார்ச் 18

புதுக் கண்ணாடி வந்துவிட்டது. முதல் ஆளே கத்தினார். வாய்க்கு நேராக ஓட்டை போடச் சொல்லி மேலாளரிடம் கேட்டேன். "பாக்கலாம்" என்றார். பார்க்க மாட்டார். வயதானவர்களுக்குப் பக்கக் கதவு வழியாக நானே வெளியே வந்து சொல்கிறேன். கால் வலிக்கிறது.

மார்ச் 21

பரீட்சை முடிந்தது. வீட்டுக்கு வந்தால் கட்டிலில் பை இல்லை. ஊரே கேட்கிற மாதிரி அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்திருக்கிறாள். அங்கிருந்தே பதிலுக்குக் கத்தியிருக்கலாம். படியிறங்கி, என் பக்கத்தில் வந்து நின்று, மெதுவாகச் சொன்னாள்: "இங்கதாம்மா இருக்கேன்."

பை பரண்மேல் இருக்கிறது.