ஒன்பது பேருக்கும் ஒரே வாசல்

ஜூன் 4

அன்பு மகளுக்கு,

நலம்தானே? மூட்டுவலி தவிர எனக்குக் குறையில்லை. நம் தெரு அரசு மழலையர் பள்ளியில் சேர்க்கைப் பட்டியல் எழுதித் தரக் கூப்பிட்டார்கள். இருபத்து மூன்று குழந்தைகள். ஒன்பது பேர் கட்டட வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள்; வீட்டில் வேறு மொழி. அதற்குள் நம் பாட்டெல்லாம் பாடுகிறார்கள். இருபதுக்குக் குறைந்தால் பள்ளியை மூடுவோம் என்று நீ வேலை பார்க்கும் கல்வி அலுவலகம் தாள் அனுப்பியிருக்கிறது. தப்பித்தோம். கூட்டலை நீயும் ஒருமுறை பார்த்துவிடு.

அப்பா

ஜூன் 11

அப்பா,

கூட்டல் சரி. அந்த ஒன்பது பேருக்கு முகவரி எங்கே? "பாலத்தருகே தகரக் கொட்டகை" என்பதெல்லாம் முகவரியா? வேலை முடிந்தால் கொட்டகையே வேறிடம் போய்விடும். அவர்கள் பெயரை அடித்துவிட்டுப் பதினான்கு என்று அனுப்புங்கள். மூடுவதென்று மேலே முடிவாகிவிட்டது. உங்களுக்கு எதற்கு இந்த வம்பு? பேங்க்கில் பேனா இரவல் கேட்கவே பயப்படுகிறவர் நீங்கள். மாத்திரையை மறக்காதீர்கள்.

மகள்

ஜூன் 15

அன்பு மகளுக்கு,

சேர்க்கை விதியை மறுபடி படித்தேன். 'கடிதம் போய்ச் சேரும் முகவரி' என்றுதான் இருக்கிறது. அங்கேதான் தூங்க வேண்டும் என்று இல்லை. நான் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கலாம். இருந்தாலும் ஒன்பது பேருக்கும் நம் வீட்டு முகவரியை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வாசல் கேட்டிலும் அவர்கள் பெயர்களை ஒட்டினேன்.

பக்கத்து வீட்டுக்காரர், "என்ன சார், லாட்ஜ் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்றார்.

"ஆமா. ரூம் காலி இல்லை" என்றேன். எனக்கே ஆச்சரியம்.

அப்பா

ஜூன் 20

அப்பா,

"உங்கப்பாவை அடக்க முடியாதா?" என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் கத்தினார். ஒன்பது குழந்தைகளுக்கும் தனித்தனியே பதிவுத் தபால் போடச் சொல்லிவிட்டார். ஒன்று திரும்பினாலும் ஒன்பது பெயரும் போகும். நாளை காலை போடுகிறேன். இதை உங்களுக்கு ஏன் சொல்கிறேன் என்று கேட்காதீர்கள்.

மகள்

ஜூன் 24

அன்பு மகளுக்கு,

கேட்கவில்லை.

இரண்டு நாளாகப் பாட்டு வகுப்பு நம் வாசலில்தான். பள்ளி ஆயாம்மாதான் பிள்ளைகளை அழைத்து வந்தார். தபால்காரர் சைக்கிளை நிறுத்தி, "இந்த வீட்டுல பெரியவங்க யாரு?" என்றார். ஒன்பது கைகள் உயர்ந்தன. அவரவர் கடிதத்தை அவரவரே வாங்கினார்கள். ஒருத்தி உறையைக் கடித்துவிட்டாள். ஒப்புகைச் சீட்டில் ஒருவன் மீன் வரைந்திருக்கிறான். கீழே நான் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஒன்பது சீட்டும் உன் மேசைக்கு வரும்.

மேலதிகாரி மறுபடி கேட்டால், அடக்க முடியவில்லை என்று சொல். பயமாகத்தான் இருக்கிறது. இருக்கட்டும். சேர்க்கை இருபத்து மூன்று. ஒரு பெயரையும் அடிக்க மாட்டேன்.

இப்படிக்கு,
அப்பாவும் ஒன்பது குடித்தனக்காரர்களும்