வாய் நனைக்காத வீடு

ஒட்டுசுட்டான்,
ஐப்பசி, ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள செல்வராசாவுக்கு,

நான் பரமலிங்கம். பரந்தனில் உன்னோடு ஒரே வாங்கில் இருந்து உயர்தரம் படித்தவன். கடவுளை இழுத்துச் சுகம் விசாரிக்கும் பழக்கம் எனக்கு விட்டுப்போய்விட்டது. ஆனாலும் நீயும் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்து எழுதுகிறேன்.

அம்மாவின் செத்தவீட்டுக்கு நீ வராததிலிருந்து உன்னோடு கதைப்பதில்லை என்று இருந்தேன். கொழும்பிலிருந்து ஒரு இரவு பஸ், அவ்வளவுதான் தூரம். நீ ஏறவில்லை. அந்தக் கோபம் தீர்ந்துவிட்டது என்று எழுதவில்லை. ஒரு வேலை இருக்கிறது, அதைச் செய்யக் கொழும்பில் எனக்கு வேறு ஆள் இல்லை. உன் தொலைபேசி இலக்கம் என்னிடம் கிடையாது. கேட்டு வாங்கவும் மனம் வரவில்லை. உன் மகளின் கலியாணக் கார்டில் இருந்த தெகிவளை முகவரிக்குப் போடுகிறேன். அந்தக் கலியாணத்துக்கு நான் வரவில்லை. ஆக, கணக்குச் சரி.

இங்கே மழை தொடங்கிவிட்டது. விதைத்தாயிற்று. யானை போன கிழமை வேலியைப் பிரித்துக்கொண்டு வந்து வாழையை முடித்துவிட்டுப் போயிற்று. மின்சார வேலி போடுகிறோம் என்று வந்து அளந்தவர்கள் அளந்ததோடு சரி. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். மனைவிக்குச் சீனி வருத்தம். இவ்வளவுதான் வீட்டுப் புதினம்.

நான் படிக்கப் போனது உனக்குத் தெரிந்திருக்காது. தலை நரைத்த பிறகு சமூகப்பணி டிப்ளோமா. சனியும் ஞாயிறும் விடிய பஸ் ஏறி வவுனியாவுக்குப் போவேன். சிரிக்காதே. சண்டை முடிந்து உதவி நிறுவனங்கள் வந்த காலத்தில் இந்தப் பக்கம் வீடுவீடாக ஏறி இறங்கியவன் நான். யார் வீட்டில் யார் இல்லை என்று எழுதிக் கொடுத்தவன் நான். பிறகு ஒரு நாள் படித்ததற்குக் கடதாசி கேட்டார்கள். கம்பஸுக்கு எடுபட்ட கடிதம் வந்தும் சண்டையில் பாதை பூட்டிக் கிடந்ததால் போக முடியாமற் போனவன் என்று சொன்னால், அந்த வருடத்தில் பிறந்தேயிராத, கடதாசி கேட்கும் பிள்ளைக்கு என்ன விளங்கும்? நான் வேலை பழக்கிய பொடியன்கள் எனக்கு மேலதிகாரிகள் ஆனார்கள். அவர்களுக்கும் எனக்கும் இடையில் இருந்தது அந்தக் கடதாசி ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டுப் பார்ப்போம் என்று போனேன். மனிதர்களுக்கு உதவவேண்டும் என்ற பெரிய எண்ணம் ஒன்றும் இருக்கவில்லை. விண்ணப்பத்தில் அப்படித்தான் எழுதினேன், அது வேறு.

வகுப்பில் என்னை ஐயா என்கிறார்கள். விரிவுரையாளர் சுரேகா என் மூத்த மகனைவிடச் சின்னவள். “சேர், உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ” என்பாள். சொல்லத் தொடங்கினால் மணிக்கூட்டைப் பார்ப்பாள். அவள் படிப்பித்ததில் ஒன்று மட்டும் எனக்கு முதல் நாளே பிடித்துக்கொண்டது. சேவை பெறுகிறவரின் வீட்டில் எதையும் வாங்கக்கூடாது. பணம் வாங்கக்கூடாது, மரக்கறி வாங்கக்கூடாது, தேத்தண்ணிகூடக் குடிக்கக்கூடாது. வாங்கினால் கடமைப்பட்டுவிடுவோம், நடுநிலை போய்விடும். தோட்டத்துப் பூசணிக்காயை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன எத்தனை உத்தியோகத்தரைப் பார்த்தவன் நான்! சரியான விதி என்று நினைத்தேன். பரீட்சையில் அதற்கு ஒரு பக்கம் எழுதி, வகுப்பில் ஆகக் கூடிய புள்ளியும் எடுத்தேன்.

களப்பயிற்சிக்கு எனக்கு விழுந்த இடம் நம் வீதிக்கு அப்பால், குளக்கட்டுக்குக் கீழே இருக்கும் குடியேற்றம். உன் ஆட்கள். எழுபத்தேழு கலவரத்துக்குப் பிறகு உன் தகப்பனார் வந்த அதே வழியில் மலையகத் தேயிலைத் தோட்டங்களை விட்டு வந்த சனம். அங்கே தங்கம்மா என்று ஒருத்தி. புருசனைக் காவல் கொட்டிலில் யானை அடித்துக் கொன்றுவிட்டது. ஒரே பிள்ளை, லக்சிகா. சாதாரணதரப் பரீட்சை எழுதவேண்டிய வருடத்தில் பள்ளிக்கூடம் போவதை நிறுத்திவிட்டாள். அவளைத் திரும்பப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது என் வேலை. நல்லபடி முடித்தால் எனக்குக் கடதாசி.

முதல் நாள் போனபோது தங்கம்மா முற்றம் கூட்டித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள். பக்கத்து வீட்டில் இருந்து கதிரை வந்தது. சீனியும் அங்கேயிருந்துதான் வந்தது. பொட்டலத்தோடு பிள்ளை ஓடி வந்ததைக் கண்டேன். புதுக் கோப்பை, அடியில் கடை ஸ்டிக்கர் உரிக்கப்படாமல் இருந்தது. நீட்டினாள். நான் எழுந்து, மரியாதையாகத்தான், “வேண்டாம் அம்மா, இப்பதான் குடிச்சிட்டு வாறன்” என்றேன்.

அவள் “சரிங்க சார்” என்று கோப்பையை உள்ளே கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் கொல்லைப்பக்கம் வாழையடியில் ஊற்றிய சத்தம் கேட்டது. நான் கேள்விகளைக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் “சரிங்க சார்”. பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பலாமா? சரிங்க சார். வேலைக்கு அனுப்பும் எண்ணம் இல்லைத்தானே? சரிங்க சார். தாயின் ஒத்துழைப்பு மிகவும் திருப்தி என்று அறிக்கையில் எழுதினேன்.

திரும்பும்போது பிள்ளை படலை வரைக்கும் வந்தாள். “சார், இந்த வயசுல நீங்களும் படிக்கிறீங்களாமே, நெசமா?” என்று கேட்டாள். ஓம் என்றேன். “சோதனைன்னா பயமா இல்லீங்களா?” பயம்தான் என்றேன். அதற்கு ஒரு சிரிப்பு. “அப்ப நானும் எழுதுறேன் சார். நீங்க பெயிலானா நான் யாருக்கும் சொல்லமாட்டேன். நான் பெயிலானா நீங்களும் சொல்லக்கூடாது” என்றாள். யாரும் என்னோடு அப்படி விளையாட்டாகக் கதைத்து வெகுகாலம். வீடு வரும்வரை நானும் சிரித்துக்கொண்டு வந்தேன் என்று நினைக்கிறேன்.

அதன்பிறகு நான் சும்மா இருக்கவில்லை, செல்வராசா. பள்ளிக்கூட அதிபரிடம் போய்ப் பிள்ளையின் பெயரை வெட்டாமல் நிறுத்தினேன். கணிதத்துக்கு ஒரு ரீச்சரை ஒழுங்கு செய்தேன். பரீட்சைக்கு வேண்டிய அடையாள அட்டைக்குக் கிராம அலுவலரிடம் அலைந்து கையெழுத்து வாங்கினேன். எல்லாம் கையில் வைத்துக்கொண்டு போனால் வீடு பூட்டு. வயலுக்குப் போய்விட்டார்கள் என்றார்கள். அடுத்த முறையும் பூட்டு. உள்ளே ஆள் இருந்தது. செருப்பு வாசலில் கிடந்தது.

மூன்றாவது முறை கதவு திறந்திருந்தது. தங்கம்மா என்னைக் கண்டதும் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தாள். கதிரை வந்தது. பிறகு கடைக்கு ஆள் போய், மூடி திறக்காத சோடாப் போத்தல் ஒன்று வந்தது. ஸ்ட்ரோவும் வந்தது, கடதாசி உறை கழற்றாமல். என் கண்முன்னால் மூடியைத் திறந்து, ஒரு கொப்பித் தாளை விரித்து அதன்மேல் வைத்தாள். “எங்க ஏனம் எதுவும் படலீங்க சார். நீங்க குடிக்கலாம்” என்றாள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. உனக்கு இந்தக் கடிதத்தின் பாதியிலேயே விளங்கியிருக்கும்.

பிள்ளை எங்கே என்று கேட்டேன். கொழும்புக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். வீட்டு வேலைக்கு. பரந்தனில் இருந்து ஒரு புரோக்கர் வந்து கூட்டிப் போனானாம். நான் முதல் நாள் போகும்போதே அவன் வந்து கேட்டிருந்தானாம். அன்றைக்கு என்னிடம் சொல்லி என்ன செய்யலாம் என்று கேட்கத்தான் முற்றம் கூட்டி வைத்திருந்தாளாம். பிறகு ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். குரலை உயர்த்திவிட்டேன் என்றும் நினைக்கிறேன்.

“எங்க வீட்டுல வாய் நனைக்காதவங்ககிட்ட எங்க வீட்டுச் சங்கதிய எப்படி சார் சொல்றது?”

அது அப்படியில்லை, படிப்பில் அப்படி ஒரு விதி இருக்கிறது, எந்த வீட்டிலும் குடிக்கக்கூடாது, யாழ்ப்பாணத்தார் வீடென்றாலும் குடிக்கமாட்டேன் என்று விளக்கினேன். அவள் கோபப்படாமல் கேட்டாள். கடைசியில், “அதுக்கும் இப்ப சட்டம் போட்டுட்டாங்களா சார்?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே கேட்டாள்.

சோடாவைக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அவள் நின்றுகொண்டே இருந்தாள்.

சுரேகாவிடம் போய்ச் சொன்னேன். அவள் என் அறிக்கையைப் பிரட்டிப் பார்த்துவிட்டு, “நீங்கள் ஒரு பிழையும் விடேல்ல சேர். விதிப்படிதான் நடந்திருக்கிறீங்கள். அந்த அம்மா ஒத்துழைக்கேல்ல எண்டு எழுதி முடியுங்கோ” என்றாள். சுரேகாவும் தன் வேலையைத்தான் செய்தாள். அவளுக்கு யார் வீட்டில் யார் தண்ணி குடிப்பதில்லை என்று யாரும் படிப்பிக்கவில்லை. எனக்கும் யாரும் படிப்பிக்கவில்லைத்தான். “இப்பதான் குடிச்சிட்டு வாறன்” என்ற வசனம் மட்டும் எங்கிருந்தோ தானாக வந்தது. விதி இருக்கிறது என்று சொல்லியிருக்கலாமே? அது வாயில் வரவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் படலையோடு நின்று கதைத்துவிட்டுப் போவாய். உன்னைச் சரியான கூச்சக்காரன் என்று அம்மா சொல்லுவா. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் செத்தவீட்டுக்கு ஏன் வரவில்லை என்று இனி உன்னைக் கேட்கமாட்டேன்.

சொன்னபடி எழுதி முடித்துக் கொடுத்தேன். சித்தியடைந்துவிட்டேன். அடுத்த மாதம் வவுனியாவில் மண்டபம் எடுத்துக் கடதாசி கொடுக்கிறார்களாம். கோட்டு வாடகைக்கு எடுக்கவேண்டுமாம். போகமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். அவள் சட்டை தேய்த்துத்தான் வைத்திருக்கிறாள்.

இனி வேலை. பொறுப்பான அலுவலகத்திலும் சொல்லிப் பார்த்தேன். பிள்ளைக்குப் பதினாறு முடிந்துவிட்டது, தாயும் சம்மதித்து அனுப்பியிருக்கிறாள், விலாசமும் இல்லை, எங்கே போய்த் தேடுவது என்றார்கள். தங்கம்மாவுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: வெள்ளவத்தை, கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை, கீழே மருந்துக்கடை உள்ள மாடிவீடு, பென்சன் எடுத்த ஒரு ரீச்சரம்மா. “உங்க ஆளுங்கதான் சார், யாழ்ப்பாணத்துக்காரங்க. நல்லவங்கன்னு சொன்னாங்க” என்றாள். அந்த அம்மாவின் போனுக்கு எடுத்தால் பிள்ளை வேலையாக நிற்கிறாள் என்கிறார்களாம்.

உன் வீட்டிலிருந்து அது தூரமில்லை. மாலையில் நடக்கிறவன் என்றால் ஒரு நாள் அந்தப் பக்கம் நட. மருந்துக்கடையில் விசாரி. தங்கம்மாவின் உறவு என்று பிள்ளையிடம் சொல். நான் போய் நின்றால் அந்தப் பிள்ளை கதைக்கமாட்டாள், நீ சொன்னால் நம்பக்கூடும். மார்கழிப் பரீட்சைக்கு அவள் பெயர் இன்னும் இருக்கிறது என்று சொல். அடையாள அட்டையும் வந்துவிட்டது, என்னிடம் இருக்கிறது. அவளுக்கு வர மனமிருந்தால் பஸ் ஏற்றிவிடு, நான் மாங்குளத்தில் வந்து நிற்பேன். மனமில்லை என்றால், அல்லது வர விடமாட்டார்கள் என்றால், எனக்கு ஒரு வரி எழுது. அதுதான் நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒழுங்கை பிடிபடாமல் நீ திரும்பி வந்தாலும் நான் குறை சொல்லமாட்டேன். நான் பாஸ் என்று மட்டும் அவளுக்குச் சொல்லாதே.

ஒன்று. நீ கோட்டும் கண்ணாடியுமாகப் போனால் அந்த ரீச்சரம்மா உன்னை முன்னறையில் கதிரை போட்டு இருத்துவா. தேத்தண்ணி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுப்பா. தட்டோடு வருகிறவள் லக்சிகாவாகத்தான் இருப்பாள். அவள் நீட்டும்போது, எங்கே குடித்துவிட்டு வந்திருந்தாலும், வாங்கிக் குடி. முழுவதையும் குடி. பிறகு மெல்ல அவளுடைய பெயரைக் கேள்.

உன்னைக் கேட்க உரிமை இல்லாமலே கேட்கும்,
பரமலிங்கம்.