தானாக இறங்கிய குழல்

1998 நவம்பர் 14, சனி

மழை. கடையில் இரண்டு தையல் ஊசியும் ஒரு சைக்கிள் டியூப்பும்தான் போயின. சும்மா இருக்கப் பிடிக்காமல், மூடிப்போன ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து போன மாதம் மொத்தமாக எடுத்த சாமான்களைக் கிளறினேன். ஒரு மரப்பெட்டிக்குள் நுணுக்குக்காட்டி, கிருமி பார்க்கிற மைக்ரோஸ்கோப். முழுக்கப் பித்தளை. எடைக்குப் போட்டாலும் நட்டமில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பொய் எழுதி என்ன, அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு என் மனைவி அன்னப்பூரணியின் கடிதம் நினைவுக்கு வந்தது. அவள் இரண்டு மாதமாகக் கரடியனாற்றில் மகள் கண்ணகையோடு நிற்கிறாள். தலைப்பிரசவம், தை மாதக் கடைசியில் நாள். அங்கே வீட்டுக்கு வீடு மலேரியாவாம். ஊர்ச் சங்கத்தார் நடத்தும் டிஸ்பென்சரியில் இரத்தம் பார்க்கப் படித்த பெட்டை ஒருத்தி இருக்கிறாள், கருவி இல்லை. இரத்தத் தகடு இராணுவச் சாவடி தாண்டி டவுனுக்கு வந்து பதில் போக இரண்டு கிழமை. மலேரியாக் குளிசை தட்டுப்பாடு. துண்டுச் சீட்டில் கிருமி ‘உண்டு’ என்று எழுதி வந்தவருக்குத்தான் கொடுக்கிறார்கள்.

மகளை அங்கே குடிவைத்தது நான். மலிவாகக் கிடைத்ததென்று வட்டை நிலமும் வீடும் வாங்கி, அதையே சீதனமாக எழுதிக் கொடுத்தேன். இப்போது அது இயக்கத்தின் பக்கம், என் ஆரையம்பதி அரசாங்கத்தின் பக்கம். மருமகன் யோகராசா சாவடியில் தலை காட்டினால் பிடித்துவிடுவார்கள் என்று பயம். அவனை விட்டு அவள் வரமாட்டாள்.

பித்தளையை எடைக்குப் போடுவதில்லை.

நவம்பர் 16

குழலின் முதுகில் ஒரு பல்லுச்சட்டம். பக்கத்தில் பெரிய திருகு, அதன் அச்சில் சின்னப் பல்லுச்சக்கரம். திருகினால் குழல் ஏறும், இறங்கும். அடியிலுள்ள வில்லை கண்ணாடித் தகட்டை விட்டு விலகும், நெருங்கும். மயிரிழை அளவுக்கு நகர்த்த இன்னொரு சின்னத் திருகு. இவ்வளவுதான் சங்கதி. தையல் மெசினை விட லேசு. ஆனால் பெரிய திருகு இறுகிக் கிடக்கிறது. உள்ளே யாரோ போட்ட பசை பிசினாகக் காய்ந்துவிட்டது. இரண்டு கையாலும் திருக வேண்டியிருக்கிறது.

இதைச் சாவடி தாண்டிக் கொண்டுபோகப் பாஸ் கேட்டால் மாதக்கணக்கில் இழுப்பார்கள். தையல் மெசின் ஒன்றுக்குப் பாஸ் கையில் இருக்கிறது. கழற்றி மெசின் பெட்டிக்குள் போடுவதுதான் வழி.

நவம்பர் 20, வெள்ளி

இராணுவச் சாவடி உள்ள கறுத்தப்பாலம் தாண்டினேன். சிப்பாய் குழலைத் தூக்கி, “மேக மொகத?” என்று, இது என்னவென்று சிங்களத்தில் கேட்டான்.

“மெசின் சாமான், மாத்தையா.”

கண்ணில் வைத்து வானத்தைப் பார்த்தான். வில்லைகளை நூற்கட்டைகளுக்குள் ஒளித்திருந்தேன், அதனால் வெறும் ஓட்டைதான். சிரித்துக்கொண்டே பெட்டிக்குள் எறிந்தான்.

நவம்பர் 23, திங்கள்

டிஸ்பென்சரியில் பூட்டிக் கொடுத்தேன். பழைய பசையை மண்ணெண்ணெயில் கரைத்துத் துடைத்து, மெசின் எண்ணெய் விட்டேன். திருகின் அச்சை இறுக்கிப் பிடிக்கும் வளையத்தையும் அரைச்சுற்றுத் தளர்த்தினேன். இப்போது ஒற்றை விரலால் தட்டினால் சுற்றுகிறது. அங்கே மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி நாகரெத்தினம் தொட்டுப் பார்த்து, “முதலாளி, புதுசாக்கிப்போட்டீங்களே!” என்றார்.

இரத்தம் பார்க்கும் புஸ்பம் சிரிக்காத பெட்டை. நெடுநேரம் குனிந்திருந்தவள், “இஞ்ச பாருங்க” என்று இடம் விட்டாள். சிவப்பு வட்டங்கள். ஒன்றுக்குள் மட்டும் கல் பதித்த மோதிரம் மாதிரி ஊதாவாக ஒன்று. அதுதானாம் கிருமி. அந்தத் தகட்டுக்குரிய மனிதன் வெளியே வாங்குப் பலகையில் போர்த்திக்கொண்டு நடுங்கிக்கொண்டிருந்தான். பத்தாவது நிமிடம் குளிசை அவன் கையில்.

முப்பது வருட வியாபாரத்தில் இப்படி ஒரு சாமான் விற்றதில்லை. விற்கவுமில்லை, கொடுத்தேன்.

டிசம்பர் 7, திங்கள்

மகளைப் பார்க்கப் போனேன். வயிறு நன்றாக நிறைந்திருக்கிறது, முகம் தெளிவு. டிஸ்பென்சரிக்கும் போனேன். போயிருக்கக் கூடாது.

புஸ்பம் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “பாத்துக் கொண்டிரிக்கக்குள்ளயே மங்கிப் போகுது முதலாளி. ஒரு கையால திருகப் பிடிச்சுக்கொண்டுதான் பாக்கிறன். ரெண்டு தகடும் வெடிச்சிட்டு.”

“புள்ள, நான் முப்பது வருசமா மெசின் விக்கிறன். தைக்கிறவள் எப்பவும் மெசினத்தான் குறை சொல்லுவாள். பிழை காலில இரிக்கும்.”

“நான் காலால பாக்கல்லயே முதலாளி.”

வாங்கில் இருந்த சனம் சிரித்துவிட்டது. காய்ச்சல்காரரும் சிரித்தார்கள். எனக்குச் சுள்ளென்றது. அப்போதிக்கரியைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டைக்குக் கைப்பழக்கம் போதாது, ஒரு நாளைக்கு ஐந்து தகடு பார்த்தால் வரிசை எப்போது முடியும் என்றேன். அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாராம்.

அவள் சிரிக்க வைத்திராவிட்டால் சொல்லியிருப்பேனா? தெரியாது.

டிசம்பர் 15

ட்ரக்டர்காரர் கொண்டுவந்த செய்தி: அப்போதிக்கரியே இப்போது இரத்தம் பார்க்கிறார். புஸ்பம் புண் கழுவுகிறாள். திங்களும் வியாழனும் பன்னிரண்டு தகடு முடிகிறது. அநேகமாக எல்லாம் ‘இல்லை’தானாம், காய்ச்சல் வடிகிறதாம். சனம் என் பேரைச் சொல்லுகிறதாம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

டிசம்பர் 27, ஞாயிறு

கண்ணகைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்று கடிதம். உள்ளே துண்டும் இருந்தது: ‘கண்ணகை யோகராசா — இல்லை.’ மழைக்காய்ச்சலாம், கொத்தமல்லி அவித்துக் கொடுக்கட்டாம். துண்டை இரண்டு முறை வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் வைத்தேன்.

காத்தான்குடி கைறுன்னிஸா பொபின் வாங்க வந்தாள். தம்பிக்கு மலேரியா, எங்கேயும் குளிசை இல்லை என்று அழுதாள். மகளுக்கென்று அலுமாரியில் வைத்திருந்த குளிசையை எடுத்துக் கொடுத்தேன்.

“உங்கட மகளுக்கு வேணாமா அண்ணன்?”

“துண்டு வந்திட்டு. அவளுக்கு இல்ல.”

1999 ஜனவரி 5, செவ்வாய்

கண்ணகைக்கு வலிப்பு வந்ததாம். பாலம் மூடியிருக்கிறது. மத்தியானம் திறக்கும் என்றார்கள், திறக்கவில்லை. செங்கலடியில் ஒரு கடை வாசலில் இருந்து இதை எழுதுகிறேன். மழைக்காய்ச்சலுக்கு வலிப்பு வருமா? ஆரிட்டக் கேக்கிற?

ஜனவரி 6

ஆண் பிள்ளை. மூச்சில்லை.

ஜனவரி 9, சனி

நேற்றுத்தான் பாஸ் கொடுத்தார்கள். ட்ரக்டர்ப் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கண்ணகையைக் கொண்டுவந்தார்கள். யோகராசா பாலம் வரை வந்தான். அங்கால் வர அன்னப்பூரணி விடவில்லை. ஆற்றோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தான்.

மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் விரலைக் குத்திய கொஞ்ச நேரத்தில் சொல்லிவிட்டார்கள். மலேரியா, மூளைக்கு ஏறுகிற வகை. டொக்டர் கேட்டார்: “மண் அள்ளிப் போட்ட மாதிரிக் கிருமி. அங்க ஒருத்தரும் இரத்தம் பாக்கல்லயா ஐயா?”

சட்டைப் பையில் துண்டு இருந்தது. எடுக்கவில்லை.

கண் திறந்திருக்கிறது. என்னைத் தெரியவில்லை.

ஜனவரி 13

“அப்பா” என்றாள். பிறகு வயிற்றைத் தடவிப் பார்த்தாள். நான் வெளியே வந்துவிட்டேன். சொன்னது தாய்தான்.

ஜனவரி 16, சனி

அந்தப் பக்கம் போய் டிஸ்பென்சரிச் சாவியை வாங்கினேன். அப்போதிக்கரியின் மூக்குக்கண்ணாடியில்தான் பழுது என்று நினைத்துக்கொண்டு போனேன் — அவர் பார்வையைப் பற்றிச் சொல்லக் கொஞ்சம் வார்த்தையும் சேர்த்து வைத்திருந்தேன்.

தகடு ஒன்றையும் வைக்கவில்லை. குழல் உறைக்குள் போகும் விளிம்பில் பென்சிலால் ஒரு கோடு கீறினேன். யாரும் தொடாமல் கதவைப் பூட்டிவிட்டு யோகராசா வீட்டில் சோறு தின்னப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், கோட்டைக் காணவில்லை. உறைக்குள் போய்விட்டது. மேலே இன்னொரு கோடு கீறி, முன்னால் இருந்து பார்த்தேன். கண்ணுக்கு ஒன்றும் அசைவதாகத் தெரியாது. வெயில் வாசலை விட்டு நகர்ந்த நேரத்தில் அதுவும் போய்விட்டது.

தானாக இறங்குகிறது. தன் பாரத்தில் தானே. அந்தப் பழைய பசை காய்ந்த அழுக்கில்லை, குழலைப் பிடித்து நிறுத்தத்தான் போட்டிருக்கிறார்கள். வளையம் இறுகியிருந்ததும் அதற்குத்தான். ஓடுகிற சாமானையே விற்றுப் பழகியவன், நிற்க வேண்டிய ஒன்றை ஓட வைத்துவிட்டேன். புஸ்பம் கையால் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அப்போதிக்கரி பிடிக்கவில்லை. மங்கலைப் பார்த்து ‘இல்லை’ என்று எழுதினார். என்ட புள்ளைக்கும் எழுதினார். புஸ்பத்தக் கதிரையால எழுப்பினது ஆர்? நான். நாந்தான்.

ஜனவரி 18, திங்கள்

எண்ணெயைத் துடைத்தேன். தேன்மெழுகைக் கிறீசோடு காய்ச்சிப் பூசி, வளையத்தை இறுக்கினேன். பென்சில் கோடு மூன்று மணி நேரம் நின்ற இடத்தில் நின்றது. இவ்வளவுதான் வேலை. ஒரு காலைப் பொழுது.

புஸ்பத்தைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னேன். “நான் உங்களுக்குச் சொன்னன் முதலாளி” என்றாள். திட்டியிருந்தால் நல்லது. பதிவுக் கொப்பியை எடுத்துவந்து, அவளை எழுப்பிய நாளிலிருந்து விரலை வைத்து எண்ணினாள். ‘இல்லை’ என்று போனவர்கள் நூற்றொன்பது பேர்.

“எல்லாருக்கும் மறுகாக் குத்தோணும். அதுக்கு நீங்க சம்மதிச்சா நான் கதிரையில இருக்கிறன்.”

அப்போதிக்கரி சம்மதிக்கவில்லை. “இப்ப சரியாக்கிட்டீங்கதானே. காய்ச்சல் உள்ளவன் தானா வருவான். வீடுவீடாப் போய்ப் பிழையா எழுதிட்டம் எண்டா, நாளைக்கு ஆர் இஞ்ச விரல நீட்டுவான்? உங்கட கடைப் பேரும் சேர்ந்து போகும்.”

கெட்ட மனிதரில்லை. அவர் சொன்னதில் பாதி சரி.

ஜனவரி 21

மூன்று நாளாகக் கணக்குப் போடுகிறேன். இளையதம்பி கொடுத்தால் பழுதிருக்காது என்றுதான் வாகரையிலிருந்துகூட என் கடைக்கு ஆள் வருகிறது. அந்தப் பேரைத் தவிர என்னிடம் என்ன இருக்கிறது? ‘இல்லை’ வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையாகவே இல்லாமல் இருக்கலாம். மிச்சப் பேர் தானாக வரலாம். வரலாம், வரலாம் — எத்தனை ‘லாம்’ எழுதுவாய் இளையதம்பி? உன் மகள் தானாக வந்தாளா?

ஜனவரி 23, சனி

கண்ணகை எழும்பி இருந்து கஞ்சி குடித்தாள். “அப்பா, உங்கட மெசினால எத்தினை சனம் தப்பிச்சிட்டு எண்டு அவர் சொல்லியனுப்பியிரிக்கார். எனக்குத்தான் குடுத்து வைக்கல்ல” என்றாள்.

அதற்குப் பிறகு வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. கோடு, எண்ணெய், நான் புஸ்பத்தைப் பற்றிச் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அன்னப்பூரணி கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “உங்களுக்கு எதையும் ஓட வைக்கத்தானே தெரியும்” என்று சொல்லி வெளியே போனாள்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். தோள் அசைந்தது. போய்விடலாம் என்று எழும்பினேன். திரும்பாமலே சொன்னாள்:

“பக்கத்து வளவு சீதேவிப்பிள்ளையும் என்னோடதான் இரத்தம் குடுத்தவள். அவளுக்கும் இல்லையெண்டுதான் வந்தது. அவளுக்கு ஆறு மாசம் அப்பா. முதல் அங்க போங்க.”

ஜனவரி 25, திங்கள்

போனேன். சீதேவிப்பிள்ளை பாயில் கிடந்தாள். புஸ்பம் குத்திய தகட்டில் ‘உண்டு’. வயிற்றில் அசைவு இருக்கிறதாம். குளிசை கொடுத்தாயிற்று. கண்ணகைக்குச் சொல்லியனுப்பினேன்.

இன்று ஒன்பது வீடு. ஒவ்வொரு வாசலிலும் ஒரே வசனம்: கருவியைப் பழுதாக்கினது நான், துண்டு பிழை. ஒரு வீட்டில் ஏசினார்கள். ஒரு வீட்டில் தேத்தண்ணி தந்தார்கள், நின்றபடியே குடித்தேன். அப்போதிக்கரி வரவில்லை, ஆனால் குளிசை அலுமாரியின் சாவியைத் தடுக்காமல் தந்தார்.

ஜனவரி 27, புதன்

பத்தினிப்பிள்ளை வீடு. கொப்பியில் அவள் புருசன் வீரகத்தியின் பேர். வாசலில் சாவீட்டு வெள்ளைக்கொடி நிறம் மங்கித் தொங்கியது. பதினோராம் திகதி போய்விட்டானாம்.

அங்கே சொல்ல வேண்டியதில்லைதானே? ஆள் போய்விட்டான், இனிக் குத்த விரலில்லை. புஸ்பம் என்னைப் பார்த்தாள். சொன்னேன்.

பத்தினிப்பிள்ளை கேட்டுவிட்டு உள்ளே போய், சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து துண்டை எடுத்துவந்தாள்.

“மருந்தெடுக்காமச் சாகவிட்டிட்டாள் எண்டு மச்சான்மார் ஏசக்குள்ள இதக் காட்டித்தான் இருந்தனான் முதலாளி. கூட்டிக்கொண்டு போனன், இல்லையெண்டு எழுதித் தந்தாங்க எண்டு. இப்ப இதும் பிழையெண்டா நான் என்னத்தக் காட்டுற?”

“உன்னில பிழையில்ல தங்கச்சி.”

“அத எழுதித் தாங்க.”

துண்டின் பின்பக்கத்தில் எழுதினேன்: ‘இவள் நேரத்துக்குக் கூட்டிவந்தாள். கருவியைப் பழுதாக்கியது நான். வீரகத்திக்குக் குளிசை கிடைக்காமல் போனது என்னால்.’ பேர், கடை விலாசம், திகதி.

அவளுக்கு வாசிக்கத் தெரியாது. புஸ்பத்திடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். பிறகு, வேலிக்கு அங்கால் மச்சான்மார் வீட்டுக்குக் கேட்கும்படி இன்னொருமுறை உரத்து வாசிக்கச் சொன்னாள். புஸ்பம் உரத்து வாசித்தாள். அங்கே ஆட்கள் எழும்பி வந்து வேலியோரம் நின்றார்கள். அவள் வாசித்து முடிக்கும்வரை நான் முற்றத்தை விட்டு அசையவில்லை.