கரையில் ஒருவரும் இல்லை

இந்தத் தாள் யாருடைய கையில் கிடைத்தாலும் தயவுசெய்து ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்குக் காட்டவே வேண்டாம். வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடுங்கள். இது என் அண்ணைக்கு எழுதுவது. அண்ணை இப்போது உயிரோடு இல்லை. ஆனால் இதைச் சொல்ல எனக்கு வேறு ஆளும் இல்லை.

அண்ணை, என் கை மண்ணெண்ணெய் மணக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. கட்டிலுக்குக் கீழே, சப்பாத்துகளுக்குப் பின்னால், அந்த அரிக்கன் லாம்பு கிடக்கிறது. இன்றைக்கு மாமா அதைத் திரும்பவும் கொண்டுவந்து தந்தார். நீங்கள் போனபிறகு இதுதான் முதல் தடவை. கொடிகாமம் சந்தையில் வாங்கிய புதுத் திரியும் போட்டிருந்தார்.

நீங்கள் விறாந்தையில் இருந்து மாமாவின் படகு எஞ்சினைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த அந்தப் பின்னேரம்தான் இப்போது கண்ணுக்குள் நிற்கிறது. எங்கள் இங்கிலீஷ் ரீச்சர் வகுப்பில் ஆளுக்கொரு வழக்குத்தொடர் கொடுத்து, அதன் பொருளையும் அது எங்கிருந்து வந்தது என்பதையும் எழுதி வரச் சொல்லியிருந்தார். எனக்குக் கிடைத்தது ‘த கோஸ்ற் இஸ் கிளியர்’.

“எங்கை துரைசாணி, வாசியும் பாப்பம்,” என்றீர்கள்.

சொல்லுக்குச் சொல் மாற்றி, ‘கரை தெளிவாக இருக்கிறது’ என்று எழுதி வைத்திருந்தேன். நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“எங்கடை கரை எப்பயடி தெளிவாக் கிடந்தது? முழுக்கச் சாதாளைப் பாசியும் பிளாஸ்டிக் போத்திலும்!”

“சிரிக்காதையுங்கோ அண்ணை. அது எங்கடை கரை இல்லை, இங்கிலாந்துக் கரை,” என்றுவிட்டு மிச்சத்தை வாசித்தேன். தீர்வை கட்டாமல் கள்ளமாகச் சாமான் இறக்குகிறவர்கள் முற்காலத்தில் இருட்டில் படகோடு வெளியே காத்து நிற்பார்களாம். கரையில் ஓர் ஆள், காவற்காரர் யாரும் இல்லையென்று பார்த்து விளக்குக் காட்டுமாம். அதைக் கண்ட பிறகுதான் கிட்ட வருவார்களாம். அதற்கும் முந்தி, எதிரிப்படை கரையிறங்கிய காலத்திலேயே பிறந்தது என்று சொல்பவர்களும் உண்டு. இன்றைக்கு அதன் பொருள் இவ்வளவுதான்: பார்க்கிறவர் ஒருவரும் இல்லை, பயமில்லாமல் வரலாம்.

“நான் வைரவர் கோயில் சுவரிலை லாம்பு கொழுவுற மாதிரி, என்ன?” என்று பகிடியாகக் கேட்டேன்.

உங்கள் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவி சீமெந்தில் விழுந்தது.

“நீயே கொழுவுறனி?”

“ஓம். மாமா சொல்லுற நாளிலை. நேர்த்திக்கடனெல்லே.”

“நான் மாமாதான் கொழுவுறது எண்டெல்லே…”

உங்கள் முகம் வெளிறிப்போனது. இருட்டுப்படும் மைம்மல் பொழுதில் நான் தனியே கடற்கரைக்குப் போவது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

கடலுக்குப் போனவர் பத்திரமாகத் திரும்ப வேண்டுமென்று வீட்டுப் பெண்பிள்ளை கரை வைரவருக்கு விளக்கு வைப்பது எங்கள் ஊரில் எல்லாரும் செய்வதுதான். மற்றவர்கள் வெள்ளிக்கிழமையில் உள்ளே, சாமிக்கு முன்னால் வைப்பார்கள். மாமா மட்டும் வெளியே, கடலைப் பார்த்த வடக்குச் சுவரின் ஆணியில் கொழுவச் சொன்னார். அதுவும் அமாவாசையை அண்டிய நாட்களில். ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். “அமாவாசையிலைதானே பிள்ளை இருட்டு. அப்பதானே வெளிச்சம் வேணும்,” என்றா. அது சரியாகத்தான் பட்டது.

அன்றிரவு முருங்கைக்குக் கீழே நீங்களும் மாமாவும் சண்டை பிடித்தீர்கள். “அவளை உதுக்குள்ளை இழுக்காதையுங்கோ. கடைசித்தரம் நான் படகிலை போறன். அதோடை எங்கள் ரெண்டு பேரையும் விட்டிடவேணும்,” என்று நீங்கள் சொன்னதும், “சரியடா, சத்தம் போடாதை,” என்று மாமா சொன்னதும் கேட்டது. எதற்குள் என்னை இழுத்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் பயமாக இருந்தது.

மறுநாள் வாசற் படலையடியில் நின்று என் தலையில் ஒரு குட்டுப் போட்டீர்கள். “ஆர் சொன்னாலும் இனி உந்த லாம்பைத் தொடாதை.”

“வைரவர் கோவிக்க மாட்டாரே?”

“கோவிச்சால் என்னோடை கதைக்கச் சொல்லு.”

படகு திரும்பி வந்தது. நீங்கள் வரவில்லை. காற்று என்றார் மாமா. அலை என்றார். பிறகு அதைப்பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. சோறு போடும்போது அம்மா இன்னும் உங்கள் கோப்பையையும் எடுக்கிறா.

இன்று காலை, தவணைச் சோதனைத் தாளில் அதே தொடர் வந்தது. ‘பொருளும் பிறப்பும் எழுதுக.’ சாதாளை ஞாபகம் வந்து சிரிப்பும் அழுகையுமாக எழுதினேன். வீட்டுக்கு வந்தால், மாமா லாம்பில் எண்ணெய் நிரப்பிக்கொண்டிருக்கிறார்.

“கொண்ணையின்ரை திவசம் வருதெல்லே மோளே. அவன்ரை ஆத்மாவுக்காக ஒருக்காக் கொழுவிவிடு.”

அம்மா அழுதுகொண்டே நெருப்புப்பெட்டியை எடுத்துத் தந்தா. உங்களுக்காக என்றதும் என்னால் மறுக்க முடியவில்லை. புறப்படும்போது மாமா வழக்கமாகச் சொல்வதையே சொன்னார்: “சந்தியிலை நேவிக்காரர் நிண்டால் கொழுவாமல் வந்திடு. பொம்பிளைப்பிள்ளை, கவனம்.”

இத்தனை நாளும் அதை அக்கறை என்று நினைத்திருந்தேன், அண்ணை.

வேலி முடக்கில் என் கால் நின்றுவிட்டது. காலையில் என் கையாலேயே சோதனைத் தாளில் எழுதிய வரி ஞாபகம் வந்தது. காவற்காரர் இல்லையென்று பார்த்து, விளக்குக் காட்டும் ஆள். பார்த்தது நான். காட்டியது நான். அப்படி இருக்காது, இருக்கவே இருக்காது என்று நினைத்துக்கொண்டு திரும்பிப் பார்த்தேன். மாமா படலையடியில் எனக்கு முதுகு காட்டி நின்று போனில் கதைத்துக்கொண்டிருந்தார். “இனிப் போனை நிப்பாட்டிப்போட்டு, வெளிச்சத்தைக் கண்டாப்பிறகு கிட்ட வாங்கோ. பிள்ளை வெளிக்கிட்டிட்டுது.”

கோயிலுக்குப் போனேன். சந்தியில் ஒருவரும் இல்லை. அந்த ஆணிக்கு மேலே சுவரில் கறுப்பாகப் புகை படிந்திருக்கிறது. எல்லாம் நான் கொழுவிய விளக்குகளின் புகை. அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் எல்லாம் விளங்கியது. நீங்கள் அங்கே இருட்டில் படகில் இருந்து இந்த வெளிச்சத்தைத்தானே பார்த்திருப்பீர்கள். அதைக் கொழுவியது உங்கள் தங்கச்சி என்று தெரியாமல்தானே ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்தீர்கள்.

எண்ணெயை மணலில் ஊற்றினேன். லாம்பைத் தோளில் கிடந்த ரியூசன் பைக்குள் வைத்துக்கொண்டு வந்து, தலையிடி என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். நான் கொழுவிவிட்டேன் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறா.

இப்போது அங்கே ஒரு படகு நிற்கும். அதில் யாருடையதோ அண்ணை இருப்பார். வெளிச்சம் இல்லாவிட்டால் திரும்பிப் போவார்கள், போகத்தான் வேண்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மாவுக்கு, மகனுக்குப் பிறகு, கூடப்பிறந்த தம்பியும் இல்லை. சொல்லாவிட்டால் அடுத்த அமாவாசைக்கும் லாம்பு வரும்.

உங்கள் சேட்டுகளை அம்மா கொடுத்துவிட்டா. போனைக் கடல் கொண்டுபோய்விட்டது. என்னிடம் மிச்சம் இருப்பது படலையடியில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வசனம்தான். பயம் வரும்போதெல்லாம் அதைத்தான் சொல்லிப் பார்க்கிறேன்.

படலை திறக்கிறது. நாய் குரைக்கவில்லை. தெரிந்த ஆள்.

என் அறைக் கதவில் தட்டுகிறார்.

“பிள்ளை, நித்திரையே? லாம்பு கொழுவினனியே?”

அம்மாவும் எழும்பி வருகிறா. அண்ணை, நான் இல்லையென்று சொல்லப்போகிறேன். அம்மாவுக்கு முன்னாலேயே சொல்லப்போகிறேன். மாமா கோவித்தால், உங்களோடு கதைக்கச் சொல்