டெஃபனட்லி என்றொரு வாக்கு

காலையில் நாகமலை புதுக்கோட்டை பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் செல்பேசியில், "டெஃபனட்லி வாரேன் மாப்ள, கிளம்பிட்டே இருக்கேன்" என்றார். பேசி முடித்ததும் ஜன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். உன் ஞாபகம் வந்தது.

நீயும் நானும் ஒரே கல்லூரியில் ஆங்கிலம் நடத்திய கௌரவ விரிவுரையாளர்கள். மே மாதம் சம்பளம் கிடையாது என்பதைத் தவிர கௌரவத்துக்குக் குறைவில்லை. 'டெஃபனட்லி'க்கு நீ அர்த்தம் சொல்வது அடுத்த அறையில் இருக்கும் எனக்கும் கேட்கும்: "சந்தேகமே இல்லேன்னா மட்டும்தான் இதைச் சொல்லணும். துளி சந்தேகம் இருந்தாலும் 'ப்ராபப்லி' போதும்." மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். முதல்வர் அந்த வகுப்பில் இல்லை.

ஒவ்வொரு ஜூனிலும் நிரந்தர வேலை கேட்டு அவர் அறைக்குப் போவாய். சிரித்தபடி வெளியே வருவாய். "டெஃபனட்லின்னுட்டார்டா!"

"மாப்ள, நம்மூர்ல அது ஆள வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடுற மரியாதை. கல்யாணப் பத்திரிகை வாங்குறவன் சொல்றதில்லையா? அம்புட்டுத்தான்."

"இங்கிலீஷ் வாத்தியாருக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா? படிச்ச மனுசன், தெரியாமலா சொல்வாரு?"

வாடிப்பட்டிப் பள்ளிக்கூடம் ஒன்றில் நிரந்தர வேலை வந்தபோது, அந்த வார்த்தையை நம்பித்தான் வேண்டாம் என்றாய். மறு ஜூனில் நீ காத்திருந்த இடத்துக்கு வேறொருவர் வந்தார். அவரை வரவேற்றுப் பேசும் பொறுப்பை முதல்வர் உன்னிடம் கொடுத்தார். நன்றாகவே பேசினாய். தீபாவளிக்குள் மாரடைப்பில் போய்விட்டாய்.

இரங்கல் கூட்டத்தில் முதல்வர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உன் மனைவியிடம், "உங்க மகளுக்கு நம்ம ஆபீஸ்ல டெஃபனட்லி ஒரு வேலை உண்டும்மா" என்றார். கூட்டம் கைதட்டாததுதான் குறை.

வெளியே வந்ததும் உன் மனைவி என்னை நிறுத்தினார். "அண்ணே, ஜவுளிக்கடையில பில் போடுற வேலைக்குப் பாப்பாவ நாளைக்கே வரச் சொல்றாக. இங்கதான் வேலை தர்றேன்றாரே, கடைய வேணாம்னு சொல்லிரவா?"

"கடைக்கே அனுப்பிச்சு விடுங்கம்மா."

"இல்லைன்னு சொல்றதுக்கு இம்புட்டுப் பெரிய வார்த்தையாண்ணே?"

உன் மகள் மறுநாளே வேலைக்குப் போனாள். உன் மனைவியின் கேள்வி மட்டும் என்னோடு தங்கிவிட்டது. வகுப்பில் அந்தச் சொல் வரும்போதெல்லாம் அந்தக் கேள்வி வாய்வரை வருகிறது; விழுங்கிவிட்டு, நீ சொன்ன அர்த்தத்தையே எழுதிப் போடுகிறேன். பரீட்சையில் அதற்குத்தான் மார்க்.