கீழ்மதகில் குடிவந்தவை

ஹார்ல்டன் பாலம், டெர்பிஷயர்
ஏப்ரல் 9

அன்புள்ள டெரிக்,

கனடாவில் பனி விட்டிருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை ஓய்ந்துவிட்டது. உன் அண்ணன் ரோலண்ட் நேற்று உருளைக்கிழங்கு நட்டார். சாப்பாடு குறைந்திருக்கிறது; கிண்டல் குறையவில்லை. பிப்ரவரியில் டாக்டர் சொன்னதைத் தொலைபேசியில் உனக்குச் சொல்லிவிட்டேன். இந்தக் கோடை நன்றாகவே போகும், அதற்குமேல் கேட்காதீர்கள் என்றார் அவர். அதை மறுபடி எழுதப் போவதில்லை.

கால்வாயைப் பார்த்தால் உனக்கே அடையாளம் தெரியாது. நாம் குப்பைமேடாகப் பார்த்த, தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்குகிற அந்தக் கீழ்மதகுத் தொட்டியில் இப்போது தண்ணீர் நிற்கிறது. பக்கச் சுவரைச் சிமென்ட் போட்டுச் சீக்கிரம் முடித்திருக்கலாம். ரோலண்ட் விடவில்லை. பழைய கல்தச்சர்கள் வெட்டிய குறிகள் மறையாதபடி, அவரும் கால்வாய்த் தொண்டர்களும் கல் கல்லாகச் சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டினார்கள். கரைப்பாதையை அகலப்படுத்தியதில் இப்போது சக்கர நாற்காலி தடங்கலில்லாமல் போகிறது. பக்கத்துத் தெரு திருமதி பெல் தினமும் வந்து, வாத்துகளைத் திட்டிவிட்டுப் போகிறாள்.

இனி நான் எழுத வந்த விஷயம். மே மாதம் நீ வந்ததும், நீயும் அவரும் முதல் படகை அந்தத் தொட்டி வழியாக ஓட்டுவதாக இருந்தது. அது நடக்காது.

போன வருடம், தொட்டிக்குக் கீழே படகு வந்து நிற்கும் இடத்தில் கரையைத் தாங்கும் இரும்புத் தகடு அசிங்கமாகத் தெரிகிறது என்று, தென்னை நார் உருளைகளை அதன்மேல் கட்டி, கோரை நட்டார்கள். யோசனை ரோலண்டுடையது. விருந்தாளி வருவதற்கு முன் மேசைவிரிப்பு போடுகிற மாதிரி. அந்தக் கோரைக்குப் பின்னால், தகடு முடிகிற மண்கரையில் நீரெலிகள் வளை தோண்டிவிட்டன. இந்தப் பள்ளத்தாக்கில் இனி இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்த பிராணி; அதன் வளையைத் தொடவே சட்டம் விடாது.

ஞாயிற்றுக்கிழமை வேலையின் நடுவே மற்றவர்கள் மேலே தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, அவர் மட்டும் கீழே களை பிடுங்கிக்கொண்டிருந்தார். சாய்வாகக் கடித்து, குவியலாகப் போட்ட கோரைத்தண்டுகளைக் கண்டார். பக்கத்திலேயே வளை. தொட்டியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் கீழே தண்ணீர் ஓரடி உயரும். உள்ளே குட்டிகள் இருந்தால் முழுகிப்போகும். அவர் எழுந்து மேலே ஏறி, வனவிலங்குப் பொறுப்பில் இருக்கும் பிரையனியைக் கூப்பிட்டு வந்து காட்டினார்.

தொண்டர்களில் ஒருவனான பில் பொருமித் தீர்த்துவிட்டான். "யோவ் ரோலண்ட், பாக்காத மாதிரி எழுந்து வந்திருக்கக் கூடாதா? யாருக்குத் தெரியப் போவுது?" என்றானாம். இவர், "பாத்துட்டேனேப்பா" என்றாராம். அவ்வளவுதான். பிரையனி அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல், "உங்க மதகுக்கு முதல் பயணி வந்தாச்சு, ரோலண்ட். டிக்கெட் எடுக்காமலே" என்றாளாம். அதை வீட்டுக்கு வந்து அவரே இருமிக்கொண்டு சிரித்துச் சொன்னார்.

அனுமதி வாங்கி, நீரெலிகளுக்கு எதிர்க்கரையில் இடம் தயார்செய்து, அவை தாமாக அங்கே போன பிறகுதான் படகு. எப்படியும் அடுத்த வசந்தம் ஆகும் என்று கூட்டத்தில் சொன்னார்கள். "ஆகட்டும், அவசரமில்ல" என்றார் உன் அண்ணன். நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். இத்தனை வருடம் இவரோடு வாழ்ந்தும், இந்த மனிதரை அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தது போலிருந்தது.

நீ வருத்தப்படுவாய் என்று உனக்கு எழுதப் பயப்படுகிறார். படகின் சுக்கான் கைப்பிடி வாசல் மூலையில் சாத்தியிருக்கிறது. இன்னும் வாரம் தவறாமல் எண்ணெய் பூசுகிறார்.

பயணத்தை மட்டும் ரத்து செய்துவிடாதே. ரப்பர் பூட்ஸ் எடுத்துவா. பாதையோரத்தில் இருவர் உட்கார அவரே ஒரு பலகை போட்டிருக்கிறார். அசையாமல் இருந்தால் அங்கிருந்தே அவற்றைப் பார்க்கலாம். ஸ்டேஷனுக்கு அவர்தான் வருவேன் என்கிறார், வரட்டும். வண்டியைவிட்டு இறங்கியதும் படகைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்காதே. நீரெலிகள் எப்படி இருக்கின்றன என்று கேள்.

நீ நல்லபடியாக வந்து சேர வேண்டும்.

உன் அண்ணி
மூரியல்