யூசுப் வெளியே உட்கார்ந்த ஆட்டம்

ஈயம் மணக்கிற கையோடு போய்ச் சேர்ந்த என் காதருக்கு,

உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. நீ இருந்தவரை எழுத அவசியமே வரவில்லை; என் வாசலில் நின்று தும்மினால் உன் வீட்டில் கேட்கும். இப்போது எழுதுவதற்கு உன் பையன்தான் காரணம். யூசுப்பும் அவன் கூட்டாளிகளும் சேர்ந்து ஆட்டக்காரர் சங்கம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அவர்கள் அச்சடிக்கிற நாலு பக்கப் பத்திரிகைக்கு உன்னைப் பற்றி ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். உன்னைப் பற்றி ஊருக்கு எழுதுவானேன், உனக்கே எழுதிவிடலாம், ஊர் வேண்டுமானால் எட்டிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று தோன்றியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான்காம் பாரத்தில் இரண்டு தரம் உட்கார்ந்தும் தேறாதவன் நான் என்பது உனக்கு மட்டும் தெரிந்த சங்கதியாக இருந்தது. இனி அதுவும் அச்சில் ஏறிவிடும்.

உன் வீட்டில் எல்லோரும் சுகம். யூசுப் உன் துருத்தியைத்தான் வைத்திருக்கிறான். தெருத்தெருவாகப் போய்ப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுகிறான். சின்னக் காஞ்சிபுரத்து ஐயங்கார் வீடுகளில் வேறு ஆள் வந்தால், "காதர் மகன் வரட்டும்" என்று அடுக்குப் பாத்திரங்களைத் திரும்ப உள்ளே எடுத்துவைத்துவிடுகிறார்களாம். கால்பந்தில் கோல் காப்பதிலும் உன் கைதான் அவனுக்கு. பந்து எங்கே வரும் என்பது பந்துக்கே தெரிவதற்கு முன்னால் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது.

நாம் ஆடிய காலத்தில் கமிட்டி ஏது, சங்கம் ஏது? வேகவதிக் கரைப் பொட்டலுக்கு வந்தவன் ஆட்டக்காரன், வராதவன் அடுத்த நாள் ஆட்டக்காரன். நீ கோலில் நிற்பாய். நான் ஓரத்தில் ஓடுவேன். பந்து ஒரு பக்கம் போகும், நான் மறுபக்கம் போவேன். "நீ இப்படியே ஓடினா சாயங்காலத்துக்குள்ள தாமல் ஏரியைத் தொட்டுடுவே மச்சான்" என்று நீ சொன்னதை நினைத்து இன்றைக்கும் தனியாகச் சிரித்துக்கொள்கிறேன்.

நீ போன மறு வருஷமே இங்கே பந்தாட்டக் கமிட்டி வந்துவிட்டது. மதராசில் இருக்கிற பெரிய சபைக்குக் கட்டுப்பட்டதாம். தலைவர் வேறு யாருமில்லை, நான் பட்டு நிறுத்துக்கொடுக்கிற கடையின் முதலாளிதான். காரியதரிசி ஒரு வக்கீல். நல்லதையும் சொல்லவேண்டும். பிள்ளைகளுக்குப் பனியன் வந்தது, மதராசிலிருந்து நல்ல தோல் பந்து வந்தது, வெளியூர் போக ரயில் டிக்கெட்டு வந்தது. கூடவே விதிகளும் வந்தன. அதுவும் இருக்கட்டும். அந்த விதிகளைப் பேசுகிற அறைக்குள் ஆடுகிறவன் ஒருவனையும் விடவில்லை. வம்பு அங்கேதான் முளைத்தது.

அரக்கோணத்தில் ரயில்காரப் பையன்களோடு ஒரு ஆட்டம். என் மகன் குமரேசன் பின்னால் நின்று தடுக்கிறவன். இரண்டு பேர் மோதியதில் அவனுடைய வலது பாதம் அப்படியே திரும்பிக்கொண்டுவிட்டது. நம் பக்கம் ஒரு கோல் குறைவு. வக்கீல் வெளியே நின்றபடி, அவனை ஓரமாகப் படுக்கவைத்துவிட்டு ஆட்டத்தை நடத்துங்கள் என்று கைகாட்டினாராம். உன் பையன் கோலை விட்டு வந்தான். குமரேசனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டான். யாரையும் கேட்கவில்லை, ரயில்காரர் ஆஸ்பத்திரிக்கு நடந்துவிட்டான். மற்றப் பிள்ளைகளும் பின்னாலேயே போய்விட்டார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பாதம் நேராக உட்கார்ந்திருக்காது என்று டாக்டர் சொன்னார். தறிக் குழியில் மிதிகட்டை மிதித்துச் சாப்பிடுகிறவனுக்குப் பாதம் போனால் என்ன மிச்சம்? நீயே சொல்லு.

கமிட்டி கூடியது. யூசுப்பைக் கூப்பிடவில்லை. அனுமதியில்லாமல் இடத்தை விட்டு நீங்கினான் என்று அவனை ஆட்டத்திலிருந்து விலக்கினார்கள். மன்னிப்பு எழுதிக் கொடுத்தால் பிறகு யோசிப்போம் என்றார்கள். யூசுப் எழுதவில்லை. அவன் கத்தவும் இல்லை; நீயும் கத்தமாட்டாய். "பாத்திரத்துல ஓட்டை உட்டிருந்தா மன்னிப்பு கேக்கலாம். இதுக்கு இன்னான்னு எழுதறது?" என்று கேட்டுவிட்டுத் துருத்தியை மிதிக்கப் போய்விட்டான்.

அன்றைக்குத்தான் சங்கம் பிறந்தது. யூசுப்பை நிபந்தனையில்லாமல் சேர்க்கவேண்டும். இனிமேல் ஒரு ஆட்டக்காரனை விசாரிக்கும்போது ஆட்டக்காரர் தரப்பிலும் ஆள் உட்காரவேண்டும். அதுவரை ஒருத்தரும் பந்தைத் தொடுவதில்லை. இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. சங்கத்துக்குக் காரியதரிசி யார் தெரியுமா? மாவுக்கட்டுக் காலோடு என் வீட்டுக் கூடத்தில் படுத்துக்கொண்டிருந்த குமரேசன்தான். காலையில் அவன் கமிட்டியைத் திட்டி எழுதுவதைத் தாண்டிக்கொண்டு நான் கமிட்டித் தலைவர் கடைக்கு வேலைக்குப் போவேன்.

இதற்குள் அரக்கோணத்தார் இங்கே வந்து ஆடவேண்டிய முறை வந்துவிட்டது. ஊரெல்லாம் தண்டோரா போட்டாயிற்று. ஆட ஆளில்லை. முதலாளி மானஸ்தர். ஆளா இல்லை என்று ஒரு அணியைச் சேர்த்தார். வக்கீலின் குமாஸ்தா, ஒரு டிரில் மாஸ்டர், லீவுக்கு வந்த காலேஜ் பிள்ளைகள், கடையில் புடவை மடிக்கிற பையன்கள். கோலுக்கு யார் என்று தேடியபோது அவர் கண் தராசின் பக்கம் வந்தது. "ஏகாம்பரம், நீதான் நல்லா அகலமா இருக்கறே" என்றார்.

உப்பைத் தின்றவன் என்ன சொல்வான், காதர்? சரி என்று தலையாட்டிவிட்டேன்.

என் வீட்டுக்காரி அமிர்தம் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டை மட்டும் கொஞ்சம் பலமாக வைத்தாள். ஆட்டத்தன்று காலையில் குமரேசன் கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்து வந்தான். திட்டப் போகிறான் என்று தயாராக இருந்தேன். அவன், "நைனா, பந்து வந்தா ரெண்டு கையும் சேத்துப் புடி. ஒத்தக் கைய நீட்டாதே, வெரல் ஒடைஞ்சிடும்" என்றான். அதற்கு அவன் திட்டியிருக்கலாம்.

பொட்டலில் நல்ல கூட்டம். சங்கத்துப் பிள்ளைகள் ஓரமாக வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் போடுவதில்லை என்று அவர்களுக்குள் கட்டுப்பாடு. வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டி, தொப்பையில் பாதிக்குக் கீழே இறங்காத பனியனைப் போட்டுக்கொண்டு கோலுக்கு நடந்தேன். சத்தமில்லாத கூட்டத்தின் நடுவே நடப்பது எவ்வளவு தூரம் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. கோலுக்குப் பின்னால் யூசுப் உட்கார்ந்திருந்தான். மடியில் கிழித்த துணி வைத்திருந்தான்.

"மாமா, கைய குடு" என்றான்.

ஒவ்வொரு விரலாகத் துணி சுற்றினான். முகத்தைப் பார்க்காமலே சுற்றினான். "பழக்கமில்லாத கை. வெரலு சுளுக்கிக்கினா நாளைக்கு தராசு எப்டி புடிப்பே?"

அவனுடைய இடத்தில் நிற்க வந்தவனுக்கு அவன் கட்டிவிட்ட கட்டு அது. காதர், உன் பிள்ளையை நீ எப்படி வளர்த்தாய்? நானும் ஒருவனை வளர்த்திருக்கிறேன், நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன். இருந்தாலும் கேட்கிறேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. முதல் பந்தை நான் தடுத்தேன் என்று முதலாளி கைதட்டினார். உண்மையில் பந்துதான் என் வயிற்றைத் தேடி வந்து உட்கார்ந்தது. பின்னாலிருந்து யூசுப், நடுவில் நில், முன்னால் வா, இப்போது வலது பக்கம் என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். கட்டுப்பாடு கூச்சலுக்குத்தானே. சொல்லியும் இரண்டு கோல் போய்விட்டது. மூன்றாவது பந்து என் தலைக்கு மேலே பறந்து வேகவதி மணலில் போய் விழுந்தது. புடவை மடிக்கிற பையன் ஒருவன் அதை எடுக்க ஓடினான்.

அந்தச் சமயத்தில் அரக்கோணத்து அணியின் தலைவன் என் பக்கம் வந்தான். பெயர் முனுசாமி, இன்ஜினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. மூச்சு வாங்க நின்றுகொண்டு பின்னால் பார்த்தான்.

"பெரியவரே, அங்க குந்திக்கினு இருக்கானே, அன்னிக்கு எங்க ஊர்ல ஒரு புள்ளைய தோள்ல போட்டுக்கினு போனவன் தானே அவன்?"

ஆமாம் என்றேன்.

"நல்லாப் புடிப்பானே. அவன இன்னாத்துக்கு வெளிய வெச்சிருக்கீங்க?"

"நீக்கிட்டாங்கப்பா."

"இன்னா தப்பு பண்ணான்?"

கடையிலும் வீட்டிலும் இதைப் பற்றி ஆயிரம் பேச்சு நடந்திருக்கிறது. விதி, கௌரவம், மதராசு சபை, ஒழுங்கு என்று எல்லாம் பேசியாகிவிட்டது. இந்தக் கேள்வியை மட்டும் என்னிடம் யாரும் கேட்டதில்லை.

"அந்தப் புள்ளையத் தூக்கிக்கினு போனான்" என்றேன்.

முனுசாமி நான் கேலி செய்கிறேனோ என்று பார்த்தான். பிறகு கேட்டான். "அந்தப் புள்ள யாரு? இப்ப நடக்கறானா?"

"என் புள்ளதான். நடக்கறான். தோ, கம்பு வெச்சிக்கினு இருக்கானே, அவன்தான்."

 முனுசாமி என் கைக்கட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், திரும்பிப் போய்விட்டான். அவன் திட்டியிருந்தால்கூட நான் அங்கேயே நின்றிருப்பேன்.

பந்து திரும்பி வந்தது. நான் கோலை விட்டு வெளியே வந்து யூசுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வீரம் ஒன்றுமில்லை. உட்காரும் இடம் அதுதான் கிட்டத்தில் இருந்தது. யூசுப், "மாமா, ஆட்டம் நடக்குது, உள்ள போ" என்று முதுகைத் தள்ளுகிறான். நான் நகரவில்லை. அந்த நேரம் பார்த்து முனுசாமியின் காலுக்குப் பந்து வந்தது. எதிரே ஆளில்லாத கோல். அவன் பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினான். "காலி வாசல்ல போடறதுக்கா ரயிலேறி வந்தோம்?" என்று அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். அவன் ஆட்களும் உட்கார்ந்துவிட்டார்கள்.

முதலாளி பொட்டலைக் கடந்து வந்தார். அங்கவஸ்திரம் கீழே புரண்டது. "ஏகாம்பரம், எழுந்திரு" என்றார்.

"யூசுப்ப உள்ள உட்டா எழுந்துக்கறேன் முதலாளி."

என் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை. என் விரல்களைப் பார்த்தார். யார் கட்டியது என்று கேட்டார். யூசுப்தான் என்றேன். புரண்ட அங்கவஸ்திரத்தை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு விசில் ஊதுகிற ரெப்ரியைப் பார்த்து ஆட்டம் முடிந்தது என்று கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு ஒன்றும் ஜெயித்துவிடவில்லை. மறுநாள் கடைக்குப் போகும்போது, கணக்கை முடித்துத் துணிப்பையைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள் என்றுதான் அமிர்தத்திடம் சொல்லிவிட்டுப் போனேன். அவள் பல நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து, "பையை நல்லதா பாத்து வாங்கிக்கினு வா" என்றாள். முதலாளி அனுப்பவில்லை. பேசவும் இல்லை. இரண்டு வாரம் தராசும் நானும்தான் பேசிக்கொண்டோம். பிறகு ஒரு நாள் கல்லாவிலிருந்து தலையைத் தூக்காமலே, "அன்னைக்கு நீ ஆடின ஆட்டத்துக்கே உன்ன நீக்கியிருக்கணும்" என்றார். அவர் உதட்டோரம் சிரிப்பு இருந்ததா என்று இன்னும் எனக்கு நிச்சயமாகத் தெரியவில்லை.

கமிட்டி மறுபடி கூடி யூசுப்பைச் சேர்த்துக்கொண்டது. மன்னிப்புக் கடிதம் கேட்கவில்லை, இவனும் கொடுக்கவில்லை. ஆட்டக்காரர் தரப்பில் ஆள் உட்காருவது பற்றி வக்கீல் நிறையச் சட்டம் பேசினார். கடைசியில் ஒரு நாற்காலி ஒப்புக்கொண்டார்கள், அதிலும் வயதில் பெரியவர் ஒருவர்தான் உட்காரவேண்டுமாம். சங்கம் கூடி யோசித்தது. குமரேசன் வீட்டுக்கு வந்து, "நைனா, உன்னத்தான் போட்டிருக்குது" என்றான். இரண்டு கோல் விட்டவனைப் போய் ஏன்டா என்று கேட்டேன். "மூணாவது கோல் உழலையே" என்றான். முதலாளிக்கு எதிரே உட்காரப் போகிறேன், காதர். மாசச் சம்பளமும் அவர் கையில்தான். இது எங்கே போய் முடியும் என்று நீயாவது சொல்லேன்.

குமரேசன் தறியில் உட்கார ஆரம்பித்துவிட்டான். மிதிகட்டைச் சத்தம் கேட்டு அமிர்தம் அடுப்படியில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்; புகை என்றாள். போன வெள்ளிக்கிழமை யூசுப் என்னை உன்னிடம் அழைத்து வந்தான். அவன் ஓதினான். எனக்கு ஓதத் தெரியாது, செருப்பைக் கழற்றிவிட்டுச் சும்மா நின்றேன். நான் வந்தது உனக்குத் தெரிந்ததா?

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். அந்த அறையில் இனி எந்தப் பிள்ளையின் பெயர் வந்தாலும், அவன் செய்தது என்ன என்று அங்கே இருக்கிற ஒருவர் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் விதி, சபை, ஒழுங்கு எல்லாம். ஒருவரும் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். குரல் நடுங்கும், அதற்கு நான் பொறுப்பில்லை. ஆனால் சொல்வேன்.

யூசுப்புக்கு மாமனும் உனக்கு என்றைக்கும் மச்சானுமான
ஏகாம்பரம்